நீலத்திரை விழுந்த மதியங்கள்

முதல் தடவை அது வந்தபோது நான் ஒரு வாத்துக்குஞ்சின் அலகுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தேன். மதியம் மூன்று மணி இருக்கும். கைக்குழந்தைகளின் பனியன் துணியில் அச்சடிக்கும் படங்களை வீட்டிலிருந்தபடியே கணினியில் வரைந்து கொடுப்பது என் வேலை. யானை, வாத்து, மேகம், பலூன் என்று ஏதாவது ஒன்றை வரைவேன். துணி முழுக்க இடைவெளி தெரியாமல் அது திரும்பத் திரும்ப வரும்படி ஒட்டிச் சேர்த்து எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு அனுப்புவேன். அன்றைக்கு வாத்துகள். பதினோரு வாத்துகளில் எட்டை முடித்திருந்தேன்.

கையிலிருந்த மவுஸ் நகர்ந்தது. திரையில் அம்பு நகரவில்லை. வாத்துகள் எல்லாம் ஒரு கணம் என்னையே பார்த்தபடி நின்றன. பிறகு வாத்தும் குளமும் போய், திரை முழுக்க ஒரே நீலம். இடது மூலையில் பக்கவாட்டில் படுத்த மாதிரி ஒரு சோக முகம். அதன் கீழே, ஏதோ சிக்கல் வந்துவிட்டது, விவரங்களைச் சேகரித்துக்கொண்டு தானே மறுபடி தொடங்கும் என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. அதற்கும் கீழே பூஜ்ஜியம் சதவீதம்.

வெயிலுக்காக ஜன்னலைச் சாத்தியிருந்தேன். அறையில் வேறு வெளிச்சம் இல்லை. என் கைவிரல்கள், மேஜையில் இருந்த தண்ணீர்ச் செம்பு, சுவரில் மாட்டிய துணிப்பை எல்லாமே நீலமாகிவிட்டன. குளத்துக்கடியில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. பயப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இருபது ஆயிற்று. நாற்பத்தைந்து ஆயிற்று.

"என்னாச்சு அம்மிணி? சத்தத்தையே காணோம்?"

பக்கத்து அறையிலிருந்து என் கணவர் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க. கம்ப்யூட்டரு நின்னுபோச்சு."

"கரண்டு இருக்குதல்லோ?"

"இருக்குதுங்க. ஃபேன் ஓடுது பாருங்க."

கட்டிலில் அவர் மெதுவாகப் புரளும் சத்தம் கேட்டது. அவருக்கு நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை நடந்து அப்போது மூன்று வாரம் ஆகியிருந்தது.

அவர் ஒரு நிட்டிங் கம்பெனியில் மெஷின் ஃபிட்டர். நூலைத் துணியாகப் பின்னும் வட்ட மெஷின்கள் பதினெட்டு உள்ள கூடத்தில் எது நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எங்களுக்குத் திருமணமாகி இருபத்திரண்டு வருடம். அதில் பாதிக்குமேல் அவர் காலையில் ஏழரைக்குப் போய் இரவு சாப்பாட்டுக்குத்தான் வருவார். ஞாயிற்றுக்கிழமையும் அரைநாள் போவார். ஒருநாள் அந்தக் கூடத்திலேயே விழுந்துவிட்டார். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இருந்தோம். மூன்று மாதத்துக்குக் கனம் தூக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, வேலைக்குப் போகக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. பகல் வெளிச்சத்தில் இவரோடு எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பதினோரு மணிக்கு இவர் என்ன குடிப்பார்? மதியம் தூங்குவாரா? தூங்கவில்லையென்றால் என்ன செய்வார்? இரண்டு பேரும் புதிதாகக் குடிவந்தவர்கள்போல வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டு நடந்தோம். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். நான் கணினி முன்னால் உட்கார்ந்துகொள்வேன்.

அன்றைக்கு நூறு சதவீதம் ஆனதும் திரை இருண்டு, மறுபடி தொடங்கியது. ஆறு வாத்துகள் போயிருந்தன. கடைசியாகச் சேமித்தபோது இரண்டுதான் இருந்திருக்கின்றன.

மறுநாள் மதியமும் அதே. அதற்கடுத்த நாள் இரண்டு தடவை. சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகள்தான் இந்தக் கணினியை வாங்கி மாட்டிக் கொடுத்தவள். அவளுக்குப் போன் செய்தேன். படம் காட்டும் பகுதிக்கான டிரைவர் மென்பொருளைப் புதுப்பிக்கச் சொன்னாள். புதுப்பித்தேன். நீலம் வந்தது. வைரஸ் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். வைரஸ் இல்லை, நீலம் மட்டும் இருந்தது. கடைசியில் மெயின் ரோட்டில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்.

"ஃபார்மட் அடிச்சாச்சுங்க்கா. இனி அந்தத் தொந்தரவே வராதுங்க."

மூன்றாம் நாள் மதியம், பலூன் கயிறு வரைந்துகொண்டிருக்கையில் வந்தது.

அன்றைக்கு நான் எண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றிருந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த சின்னத் தலையணையை நெஞ்சோடு அணைத்திருந்தார். இருமல் வந்தாலும் சிரிப்பு வந்தாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது டாக்டர் சொன்னது. முகத்தில் நீல வெளிச்சம்.

"இதுதானா அது?" என்றார்.

"இதுதானுங்க."

"கீழ என்னமோ பேரு போட்டிருக்குது. அத எழுதி வெச்சியா?"

நான் எழுதி வைக்கவில்லை. என்ன பழுது என்று பெயர் போட்டிருக்கும் அந்தக் கடைசி வரியை ஒருநாளும் படித்தது இல்லை. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தேதி கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அந்த வரியை எழுத்துக் கூட்டி எழுதினார். பக்கத்தில் மணியையும் எழுதினார். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டு அதையும் எழுதினார்.

"என்னத்துக்குங்க?"

"மிஷின் நிக்கறப்ப என்ன சொல்லுதோ அதக் கேட்டுக்கோணும். கேக்காம கழட்டுனா, எல்லாத்தையும் கழட்டோணும்."

வீட்டுக்கு வந்தபிறகு அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

அதன்பிறகு மதியங்கள் மாறின. சாப்பிட்டு முடித்ததும் அவர் ஸ்டூலைக் கொண்டுவந்து என் இடப்பக்கம் போட்டுக்கொள்வார். நான் வரைவேன். அவர் பார்ப்பார். எதிர்வீட்டில் ஒரு பாய் ஆறு பவர் மெஷின் போட்டுக் குழந்தைகளின் டவுசர் தைத்துக் கொடுக்கிறார். அந்த மெஷின்களின் சத்தம் திடீரென்று கிளம்பி ஓடி நிற்கும். மறுபடி கிளம்பும். தெருவில் துணி மூட்டை ஏற்றிய டெம்போ போகும்போது ஜன்னல் கண்ணாடி லேசாக நடுங்கும். திரையில் யானைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறக்கும். இப்படியே அரை மணி, ஒரு மணி நேரம். பிறகு நீலம்.

நீலம் வந்ததும் எங்களுக்கு வேலை ஒன்றும் கிடையாது. காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சில நாள் எண் பத்தில் போய் நின்றுகொள்ளும். சில நாள் விறுவிறுவென்று ஓடும். அந்த இடைவெளியில் அவர் ஏதாவது கேட்பார். யானைக்கு ஏன் இத்தனை சின்ன காது? குழந்தை சட்டைக்கு இதையெல்லாம் யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? "நான் பின்னுன துணியில உன்ற யானை எப்பவாச்சும் ஏறியிருக்குமா?" என்று ஒருநாள் கேட்டார். இருபத்திரண்டு வருடத்தில் எனக்கு அது தோன்றியதே இல்லை. ஏறியிருக்கலாம். அவர் மெஷினில் பின்னிய வெள்ளைத்துணி சாயப்பட்டறைக்குப் போய், அச்சுக்குப் போய், என் யானையைச் சுமந்துகொண்டு ஏதோ ஒரு குளிர்தேசத்தில் ஏதோ ஒரு குழந்தையின் வயிற்றின்மேல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கலாம். நாங்கள் இருவரும் அதை யோசித்துக்கொண்டிருக்கையில் நூறு ஆகிவிட்டது.

ஒருநாள் பெட்டியைத் திறந்து பார்க்கலாம் என்றார். அவரால் தூக்க முடியாது. நான் தூக்கிக்கொண்டு போய் மொட்டைமாடி நிழலில் வைத்தேன். அவர் ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறி வந்தார். பக்கத்து மூடியைக் கழற்றியதும் இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். உள்ளே முழுக்கப் பஞ்சு. இந்த ஊர்க் காற்றில் மிதக்கும் நூல்தூசி அத்தனையும் அந்த மின்விசிறிகளின் வழியே உள்ளே போய், சாம்பல் நிறத்தில் மெத்தைபோலப் படிந்திருந்தது. கையால் எடுத்தால் துணி மாதிரி உரிந்து வந்தது.

"அட, இது நம்ம கம்பெனி மிஷினே பரவால்ல" என்று சொல்லிச் சிரிக்கப் போய்த் தலையணையைத் தேடினார். அது கீழே இருந்தது. நான் என் உள்ளங்கையை அவர் நெஞ்சில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். சட்டைக்குள் தையல் தழும்பு கைக்குத் தட்டுப்பட்டது. அதுவரை நான் அதைத் தொட்டதில்லை. மருந்து போடும்போதுகூட பஞ்சால்தான் தொட்டிருந்தேன்.

எதிர்வீட்டுப் பாயிடம் காற்றடிக்கும் புளோயர் வாங்கி வந்தேன். "எங்க மிஷினுக்கு அடிக்கறதுதான் தங்கச்சி. மெதுவா அடிங்க, பறந்துறப் போவுது" என்று சொல்லிக் கொடுத்தார். நான் ஊதினேன். பஞ்சு மேகம்போலக் கிளம்பி மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி வெயிலில் மிதந்து போனது. பதினைந்து தும்மல் தும்மினேன். எண்ணியவர் அவர்.

மூடி மாட்டிக் கீழே கொண்டுவந்து போட்டால், கணினி விசிறிகளின் சத்தமே இல்லை. அவ்வளவு சுத்தம். அன்றைக்குத்தான் ஸ்டூலிலிருந்து எழுந்துபோனபிறகு அவர் கட்டிலில் கொஞ்சம் தூங்கிப் பழகியிருந்ததே எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் அன்று அவரால் தூங்க முடியவில்லை. "உன்ற ரூமுல அந்த உர்ருன்னு ஒரு சத்தம் இருந்துச்சு, அதக் கேட்டுட்டேதான் கண்ண மூடிக்குவேன். இப்ப ஒண்ணையும் காணோம்" என்றார். நான் அவர் தலைக்குமேல் ஓடிய மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவைத்தேன்.

சரியாகிவிட்டது என்று நினைத்தோம். நான்கு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தது.

உண்மையைச் சொன்னால், எனக்கு அதைப் பார்த்ததும் வருத்தம் வரவில்லை. அந்த நீலத்தின்மேல் எனக்கு ஒரு கண் விழுந்துவிட்டிருந்தது. வானத்தின் நீலம் இல்லை, பள்ளிக்கூடச் சட்டையின் நீலமும் இல்லை. அதைக் குழந்தைத்துணியில் போட்டால் எப்படி இருக்கும் என்று ஓடிக்கொண்டே இருந்தது. என்னிடம் ஷேடு கார்டு இருக்கிறது, நூற்றுக்கணக்கான நிறங்களுக்கு எண் கொடுத்து விசிறிபோலக் கோத்த அட்டைகள். அவரிடம் சொன்னேன். அவர் அட்டைக்கட்டை எடுத்துத் திரையோடு ஒட்டிப் பிடித்து, ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

"இதா?"

"இல்லீங்க, இது பச்சை அடிக்குது."

"இது?"

"கொஞ்சம் இருட்டு. அடுத்தது தள்ளுங்க."

எழுபது, எண்பத்தைந்து, நூறு. திரை இருண்டுவிட்டது. அட்டை எங்கள் கையில் அப்படியே நின்றது. சரி, அடுத்த தடவை என்றோம். மறுநாள் அட்டையோடு தயாராக உட்கார்ந்தால் வரவே இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. "வேணுங்கறப்ப வராது பாரு" என்று அவர் சலித்துக்கொண்டார். ஒரு மெஷின் பழுதாகாததற்கு அவர் வருத்தப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். பிறகு வந்தது. நாலு நீலத்திரைகள் ஆயின, சரியான அட்டையைக் கண்டுபிடிக்க. அந்த நீலத்தில், வாத்துகளை வெள்ளையாக விட்டு ஒரு படம் போட்டு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் பெண் போன் செய்தாள்.

"அக்கா, அந்த டக் டிசைன வெளிநாட்டு பையர் ஓகே பண்ணிட்டாங்க. அந்த ப்ளூ ரொம்பப் புடிச்சிருக்காம். எங்கிருந்துக்கா புடிச்சீங்க?"

"ஊட்டுலதானுங்க" என்றேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தலையணையை அழுத்திக்கொண்டிருந்தார்.

இன்னொரு மதியம். தெருவில் மின்சாரம் இருந்தும் எதிர்வீட்டு மெஷின்கள் ஓடவில்லை, வெள்ளிக்கிழமை, பாய் தொழுகைக்குப் போயிருந்தார். நீலம் வந்து முப்பத்தைந்தில் நின்றிருந்தது. அவர் எதையும் எழுதாமல் பென்சிலைக் கையில் வைத்திருந்தார்.

"நிக்கறதுக்கு முந்தி இதுக்குத் தெரியுமா?" என்றார்.

"எதுக்குங்க?"

"கம்ப்யூட்டருக்கு. நிக்கப்போறம்னு."

எனக்கு அவர் எதைக் கேட்கிறார் என்று புரிந்தது.

"எனக்கு ஒண்ணுமே தெரீல அம்மிணி. வலிச்சுதா வலிச்சுதான்னு எல்லாரும் கேக்கறாங்க. வலியெல்லாம் பொறகு. மொதல்ல சத்தம் நின்னுபோச்சு. பதினெட்டு மிஷினும் ஓடுது, நான் கண்ணுல பாக்கறேன், சுத்தீட்டேதான் இருக்குது. ஆனா சத்தமில்ல. கரண்டு போயிருச்சு, ஜெனரேட்டரப் போடச் சொல்லோணும்னு வாயத் தொறந்தேன். அவ்வளவுதான். அப்பறம் ஆஸ்பத்திரி லைட்டு." பென்சிலை மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னார். "அதனாலதான் ஊடு அமைதியா இருந்தா எனக்கு ஒரு மாதிரி ஆவுது. எப்ப வேணும்னாலும் நின்னுரும்போல இருக்குது."

அவர் திரையைப் பார்த்துத்தான் பேசினார். நானும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருந்தால் அதை அவர் சொல்லியிருப்பாரா என்று தெரியவில்லை. நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

"நான் ஒண்ணு சொல்லட்டுங்களா?"

"சொல்லு."

"அன்னைக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்துச்சல்லோ. நீங்க உழுந்துட்டீங்க, ஆம்புலன்சுல ஏத்தியாச்சுன்னு சொன்னாங்க. போன வெச்சேன். மொதல்ல ஃபைலச் சேவ் பண்ணுனனுங்க. பண்ணீட்டுத்தான் எந்திரிச்சேன்." என் குரல் எனக்கே கேட்கவில்லை. "கை அதுபாட்டுக்குப் போயி அழுத்துச்சு. ஆஸ்பத்திரி வராண்டாவுல அத்தன நாளும் எனக்கு அதேதான் ஓடுச்சுங்க. இப்படி ஒருத்தியா நான்னு."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். தலையணையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, வலியில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"அதுக்கா இத்தன நாளு மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டிருந்த? நல்லதுதான பண்ணுன. நாமெல்லாம் மிஷின்காரங்க. நான் ஓடற மிஷின ஆஃப் பண்ணாம உழுந்துட்டமேன்னு ஐசியூல நெனச்சுட்டுக் கெடந்தேன். அந்தத் துணி ரோலு பூரா ஓட்ட உழுந்திருக்குமேன்னு."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். திரை எப்போதோ நூறைத் தாண்டி, மறுபடி தொடங்கி, கடவுச்சொல்லுக்காகக் காத்திருந்தது. நாங்கள் கவனிக்கவில்லை. எதிர்வீட்டில் தொழுகை முடிந்து மெஷின்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பியதும்தான் எழுந்தோம்.

காலண்டர் தாள்கள் பத்துப் பன்னிரண்டு சேர்ந்துவிட்டன. ஒருநாள் அவர் அவற்றை எல்லாம் கட்டிலின்மேல் பரப்பி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பேரு போட்டிருக்குது. துணியில ஒரே எடத்துல நேரா கோடு உழுந்தா ஊசி கெட்டிருக்குது, அந்த ஊசிய மாத்துனாப் போச்சு. எடம் மாறி மாறி ஓட்ட உழுந்தா ஊசியில்ல, எல்லா ஊசிக்கும் பொதுவாப் போற நூலு. இதுல அப்படி எல்லாத்துக்கும் பொதுவாப் போறது எது? பாப்பாகிட்டக் கேளு."

கேட்டேன். மகள், "ரேம் மெமரிம்மா. எந்த வேலை செஞ்சாலும் அது வழியாத்தான் போகும். அப்பா எப்படிக் கண்டுபிடிச்சாரு?" என்றாள்.

கணினியிலேயே மெமரியைச் சோதிக்க ஒரு வசதி இருக்கிறது என்று சொல்லி அதை ஓடவிடச் சொன்னாள். ஓடவிட்டோம். அரை மணி நேரத்தில், குறை ஒன்றும் இல்லை என்று வந்தது. அவருக்கு முகம் தொங்கிப்போயிற்று. இரண்டு நாள் காலண்டர் தாளைத் தொடவில்லை. பிறகு திடீரென்று காலை காப்பி குடிக்கும்போது கேட்டார்.

"எப்பவும் மத்தியானத்துலதான நிக்குது. காலைல ஏன் நிக்கறதில்ல?"

"சூட்டுலீங்களோ என்னமோ."

"காலைல நீ என்ன பண்ணுவ?"

யோசித்துப் பார்த்தேன். காலையில் சின்ன வேலைகள்தான். மெயில் பார்ப்பது, நிறம் மாற்றிக் கொடுப்பது. பெரிய படத்தை, துணி முழுக்க ஒட்டிச் சேர்க்கும் வேலையை, சாப்பிட்ட பிறகு நிம்மதியாக உட்கார்ந்துதான் திறப்பேன்.

"இப்பத் தொற பார்க்கலாம்" என்றார்.

காலை பத்து மணிக்கு, ஜன்னல் திறந்திருக்க, பால்காரர் வாசலில் நிற்க, யானைப்படத்தைத் திறந்தேன். பத்து நாற்பதுக்கு நீலம் வந்தது. வெயில் வெளிச்சத்தில் அது வெளிறித் தெரிந்தது.

மதியத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பெரிய படம் மெமரி முழுவதையும் நிறைக்கும்போதுதான் பழுதான இடத்தைப் போய்த் தொடுகிறது. என்னவோ மதியத்துக்குள் ஒளிந்திருந்த ஒன்று என்று நான் நினைத்திருந்தேன். ஏமாந்துபோன மாதிரி இருந்தது. அவருக்கோ சந்தோஷம் தாளவில்லை. ஸ்டூலைவிட்டு வேகமாக எழுந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

பெட்டியைத் திறந்தோம். உள்ளே விரல் நீளத்துக்கு இரண்டு மெமரித் தகடுகள். மகள் போனில் சொல்லச் சொல்ல, நான் ஒன்றைக் கழற்றி எடுத்து மூடினேன். மூன்று நாள் பெரிய படத்தோடு ஓட்டினோம். கணினி நத்தைபோல நகர்ந்தது, ஆனால் நிற்கவில்லை. பிறகு உள்ளே இருந்த தகட்டை எடுத்துவிட்டு, முதலில் கழற்றி வைத்ததைப் போட்டோம். கணினி தொடங்கியது. யானைப்படம் திறந்தது. அவர் மணி பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழாம் நிமிடத்தில் நீலம்.

"புடிச்சாச்சு" என்றார் மெதுவாக.

அந்தத் தடவை நாங்கள் நூறு ஆகக் காத்திருக்கவில்லை. அவரே எட்டி சுவிட்சை அணைத்தார். கெட்ட தகட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தேன். பச்சைத் தகட்டில் கறுப்புக் கட்டங்கள், ஓரத்தில் தங்கநிறக் கோடுகள். எதில் எந்த இடம் கெட்டிருக்கிறது என்று கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாவம், ஒண்ணும் தெரியாத மாதிரி இருக்குது" என்றார். புதுத் தகடு இரண்டு நாளில் வந்தது. அதன்பிறகு அந்தத் திரையை நாங்கள் பார்க்கவில்லை.

வேலை வேகமாக முடிந்தது. காத்திருக்க ஒன்றும் இல்லாததால் பேச்சு குறைந்துவிடுமோ என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. இரண்டு நாள் அப்படித்தான் இருந்தது. மூன்றாம் நாள் மதியம் நான் பலூன்களை அப்படியே விட்டுவிட்டு மவுஸிலிருந்து கையை எடுத்தேன். "என்ன, நின்னுபோச்சா?" என்றார் ஸ்டூலிலிருந்து. "இல்லீங்க, நான்தான் நிறுத்தீட்டேன்" என்றேன். அவர் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டார். பிறகு, போன தடவை பாதியில் விட்ட ஏதோ ஒரு பேச்சை எடுத்தார்.

மூன்று மாதம் முடிந்து டாக்டரிடம் போனோம். வேலைக்குப் போகலாம், ஆனால் கழற்றி மாட்டும் வேலை வேண்டாம் என்றார். கம்பெனியில் துணியைச் சரிபார்க்கும் இடத்தில் உட்கார வைப்பதாகச் சொன்னார்கள். விளக்குப் போட்ட மேஜையின்மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும், ஓட்டை எங்கே என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவருக்கு அதில் அவ்வளவாக இஷ்டமில்லை. வீட்டில் இருப்பதற்கு அது மேல் என்று ஒப்புக்கொண்டார். நேரமும் குறைவு. நாலு மணிக்கெல்லாம் வந்துவிடலாம்.

முதல்நாள் நான்தான் ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட்டேன். அவர் பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்திருந்தார். காலை நேரம், கம்பெனிக்குப் போகும் கூட்டம், சைக்கிள்கள், இந்தி பேசிக்கொண்டு வரிசையாக நடக்கும் இளைஞர்கள், டிபன் பெட்டிகள் ஆடக் கம்பெனி வேனில் ஏறும் பெண்கள். இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பினேன். அவர் உள்ளே போகவில்லை.

"உள்ள வா" என்றார்.

"நான் எதுக்குங்க?"

"சும்மா வா அம்மிணி. இத்தன வருசத்துல நீ பாத்ததே இல்லீல்ல."

கதவைத் திறந்ததும் சத்தம் மேலே வந்து மோதியது. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. அது காதுக்குள் நுழையவில்லை, உடம்பு முழுவதையும் தூக்கித் தனக்குள் வைத்துக்கொண்டது. பதினெட்டு மெஷின்கள், ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரத்துக்குமேல், தலையைச் சுற்றி நூல் உருளைகள். நூறு நூறு நூல்கள் மேலிருந்து இறங்கி உள்ளே போய், கீழே வெள்ளைத்துணியாகச் சுழன்று இறங்கிக்கொண்டிருந்தன. ட்யூப்லைட் வெளிச்சத்தில் பஞ்சு மெல்ல மிதந்தது. வேலையாட்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள், கையைத் தூக்கினார்கள். எல்லார் வாயும் அசைந்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை.

அவர் ஒரு மெஷினின் முன்னால் நின்றார். அன்று விழுந்தது அதன் பக்கத்தில்தானா என்று நான் கேட்கவில்லை, கேட்டாலும் கேட்டிருக்காது. என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். கேட்கவில்லை என்று தலையை ஆட்டினேன். மறுபடியும் சொன்னார். மறுபடியும் தலையை ஆட்டினேன். சிரித்துவிட்டு, என் கையை எடுத்து மெஷினின் இரும்புச் சட்டத்தின்மேல் வைத்தார். கைவழியாக அதிர்வு ஏறித் தோள்வரை வந்தது. தன் கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று சொல்லத் தெரியவில்லை. எங்களுக்கு முன்னால் துணி சுழன்று இறங்கிக்கொண்டே இருந்தது, ஒரு கோடு இல்லாமல், ஓர் ஓட்டை இல்லாமல்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், அங்கே என்ன சொன்னீர்கள் என்று. டம்ளரில் இருந்த காப்பியை ஆற்றிக்கொண்டே அவர் யோசித்தார்.

"எனக்கே கேக்கல" என்றார்.